இரண்டு பூட்டும் மூன்றாம் ஓலையும்

கிள்ளானிலிருந்து புறப்படும்போது எங்கள் மருத்துவமனை மேட்ரன் ஒரே ஒரு புத்தி சொல்லி அனுப்பினார். இந்தியாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்றார். திருமுல்லைவாயிலில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாமே கொதித்துக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் போனது தம்பி ஜெயராஜின் கல்யாணத்துக்காக. அப்பா காலத்திலேயே மலேசியாவுக்குப் போய்விட்ட குடும்பம் எங்களுடையது. ஆனாலும் மருமகள் மட்டும் ஊரிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் நம்மைப்போல லுத்தரன் சபைப் பெண்ணாக இருக்கவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்படிக் கிடைத்தவள் கிரேஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அவள் அப்பா தேவசகாயம் ஆவடியில் ஃபிட்டர்.

திங்கட்கிழமை கல்யாணம். புதன்கிழமை சாம்பல் புதன். அன்று லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் சபைகளில் யார் கழுத்திலும் தாலி ஏறாது. தம்பிக்குக் கிடைத்ததோ சொற்ப லீவு. இதை விட்டால் அடுத்த லீவு அடுத்த வருஷம்தான். சனிக்கிழமை இரவு அவன் வந்து இறங்குவான், நான் வெள்ளிக்கிழமையே போய்க் கூடமாட வேலை பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மிச்சமிருந்தது மூன்றாம் ஓலை மட்டும்தான். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கூடியிருக்கும் சபைக்கு முன்னால் ஐயர் வாசிப்பார். எங்கள் மலேசியாவில் பாஸ்டர் என்கிறவரை இங்கே ஐயர் என்கிறார்கள். வாசித்துவிட்டு, இதற்கு யாராவது தடை சொல்வதென்றால் இப்போதே சொல்லுங்கள் என்பார். அதுதான் ஓலை வாசிப்பது. மூன்றும் தடையில்லாமல் முடிந்தால்தான் கல்யாணம். கிரேஸின் சபையில் இரண்டு ஓலை முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிரேஸும் அவள் அம்மாவும் விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்து வந்திருந்தார்கள். அந்த அம்பாசடர் பாடியைத் தாண்டி அம்பத்தூரை நெருங்கியதும் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கி பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "யம்மா, வண்டி பூட்ச்சி. ரயில் புட்ச்சி போய்க்கங்க" என்றார், ஏதோ நாங்கள் வண்டியைக் கெடுத்துவிட்டதுபோல. அம்பத்தூர் ஸ்டேஷன் வரை ஒரு மீன்பாடி வண்டியில் பெட்டிகளை ஏற்றிவிட்டு நாங்கள் பின்னாலேயே நடந்தோம். என்னுடைய வெள்ளை ஷூவைப் பார்த்து வழியெல்லாம் சிரிப்பு. மின்சார ரயிலில் பூக்கூடைகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்று திருமுல்லைவாயில் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் இட்லியும் வடகறியும். அந்த வடகறிக்காக டாக்சிக்காரரை மன்னித்தேன். எங்கள் ஊரில் இட்லிக்கு டால்ச்சா ஊற்றுவார்கள், அதையே பெரிய விஷயம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர்கள் சபையின் கோயிலைப் பார்க்கக் கிரேஸ் கூட்டிப்போனாள். எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. கிள்ளானில் நாங்கள் ஆராதனை நடத்துவது ஒரு டயர் கடையின் மாடியில், வாடகை அறையில். ஜெபம் செய்யும்போது கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்கும். இங்கே இவர்களுக்குச் சொந்தமாக ஓட்டுக்கூரையும் மணிக்கூண்டும் வேப்பமரமுமாக அழகான கோயில். ஆனால் இரும்புக் கேட்டின் மேல் பக்கம் சங்கிலி சுற்றி, தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டுத் தொங்கியது.

"நேத்து போட்டாங்கக்கா" என்றாள் கிரேஸ். "புது ஐயர் மாத்தலாகி வந்தாரு. பழைய ஐயர் போவமாட்டேன்னுட்டாரு. பாதி சபை இவரு பக்கம், பாதி சபை அவரு பக்கம். கேஸு நடந்துகினு கீது. இது பழைய ஐயர் ஆளுங்க போட்ட பூட்டு. பொன்னையா அங்கிள்தான் அந்தப் பக்கத்துக்குத் தலைவரு."

"உங்க அப்பா?"

"புது ஐயர் பக்கம்" என்றாள். குரலில் பெருமை ஒன்றும் இல்லை.

இரவு தேவசகாயம் மாமா வேலை முடிந்து வந்தார். கை கழுவி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"போட்டுட்டேன்" என்றார்.

"இன்னாத்த?" என்றாள் மாமி.

"பூட்டை. அந்தப் பொன்னையா மேல பூட்டுனா எனக்குக் கீழ தாப்பா இல்லியா? நாலு பேரை இட்டுகினு போய் போட்டுட்டு வந்தேன். இனிமே நான் சாவி குடுக்காத அவன் உள்ள பூந்துடுவானா பாக்கறேன்."

மாமி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "யோவ், ஞாயித்துக்கெயம மூணாவது ஓலை படிக்கணுமே! உன் பொண்ணுதுய்யா!"

மாமா வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கோயில் கேட்டைத் தானே பூட்டிவிட்டு வந்த ஒரு தகப்பனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆத்திரமும் வந்தது. இவர்கள் சண்டைக்கு என் தம்பி கல்யாணம்தானா கிடைத்தது?

"திறந்துவிடுங்கள் மாமா" என்றேன்.

"நான் தொறந்தா மேல அவன் பூட்டு கீதேம்மா. அவனாண்ட போய் நிக்கச் சொல்றியா? அதுக்கு நான் ஆள் இல்ல." தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். கிரேஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை நான் புது ஐயரைத் தேடிப் புறப்பட்டேன். சபை வீட்டில் அவரைக் குடியேற விடாததால் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கத்தில் வாடகைக்கு இருந்தார். ஆவடியில் பஸ் ஏறினால் பூந்தமல்லியில் இறங்க வேண்டும். முந்தின ராத்திரி தூக்கமில்லாததால் ஜன்னல் ஓரத்தில் அசந்துவிட்டேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது அரைகுறையாகக் காதில் விழுந்தது. நான் வளர்ந்த மலேசிய ரப்பர் எஸ்டேட்டில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு, எனக்குப் புரியும். "பாவம், மாமியார் வீட்டுச் சண்டையாக இருக்கும், தூக்கத்திலும் பல்லைக் கடிக்கிறாள்" என்றாள் ஒருத்தி. கண்ணைத் திறந்தபோது பஸ் காலி. கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டு நின்றார். "ஐயப்பன்தாங்கல் டெப்போம்மா. பூந்தமல்லி எப்பவோ போச்சி. இனி வண்டி டீ குடிச்சிட்டுத்தான் கெளம்பும்."

திரும்பப் பூந்தமல்லி வந்து கடைத்தெருவில் வழி கேட்டேன். ஒரு தையல் கடை பாய் எழுந்து வெளியே வந்தார். "லுத்தரன் கோயில் ஐயரா? எந்த ஐயரு, பழசா புதுசா? ரெண்டு பேருக்கும் நாந்தாம்மா அங்கி தெக்கிறது. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்." வழி சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். "நேத்து பழைய ஐயர் ஆளுங்க ஒரு அங்கியை வாங்கிகினு போக வந்தாங்க. நாளைக்கி புது ஐயரு ஓலை படிச்சா பொன்னையா எந்திரிச்சித் தடை சொல்லுவாருன்னு பேசிக்கினாங்க. நீங்க பொண்ணு வூடா?"

"மாப்பிள்ளை வீடு" என்றேன்.

"அல்லா காப்பாத்தட்டும்" என்றார். மனதார ஆமென் சொன்னேன்.

ஐயர் என்னைவிட இளையவர். இரண்டு அறை வீடு. அடுக்களை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியில் சுற்றிய இராப்போஜனத் திராட்சரசக் கிண்ணம் இருந்தது. கோயிலில் வைத்தால் பாதுகாப்பில்லை என்று கொண்டுவந்திருக்கிறார். ஐயரம்மா கதவைத் திறப்பதற்கு முன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டார். போன வாரம் கூரைமேல் கல் விழுந்ததாம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு ஓலை போதாதா, மூன்றாவதை இந்த வீட்டிலேயே வாசித்துவிடக் கூடாதா என்று கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நடத்துகிறவள் நான், கேட்டால் நடக்கும் என்கிற பழக்கம்.

"வீட்டில் வாசித்தால் அது ஓலை இல்லைம்மா" என்றார் மெதுவாக. "சபையார் எல்லாரும் கேட்க வேண்டும். தடை சொல்ல நினைக்கிறவருக்கும் கேட்க வேண்டும். அதற்காகத்தானே வாசிக்கிறோம்."

"கோயில் பூட்டியிருக்கிறதே?"

"சுவர் சபை இல்லை. வசனத்தைக் கேட்கக் கூடுகிறவர்கள்தான் சபை. இதை ஞானோபதேசத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நாளைக்கு நானே நம்பிப் பார்க்கிறேன். கேட்டுக்கு வெளியே, ரோட்டில் ஆராதனை நடத்துவோம்." ஐயரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஆனால் பொன்னையா தடை சொன்னால் நான் விசாரித்துத்தான் ஆகவேண்டும். எப்பேர்ப்பட்ட தடையானாலும். அது திங்கட்கிழமைக்குள் முடியாது."

முடியாவிட்டால் லெந்து. வாசல்வரை வந்தவர் சொன்னார்: "இரண்டு மாதமாக இவர்களுக்கு இராப்போஜனம் கொடுக்க எனக்குக் கை வரவில்லைம்மா. பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைப் பார்க்காதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?" வரும்போது இருந்த கோபம் அவர்மேல் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் பொன்னையா வீட்டுக்குப் போனேன். சிவன் கோயில் குளத்துக்குப் பின்தெருவில் வீடு. முரடனை எதிர்பார்த்துப் போனால், ஒல்லியாக, கண்ணாடி போட்டு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மலேசியாவில் கோடைக்காலம் எப்போது என்று கேட்டார். எப்போதும் கோடைதான் என்றேன். காப்பி வந்தது.

"தடை சொல்லப் போகிறீர்களாமே?" என்றேன் நேராக.

கீரையைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவளுக்கு ஞானத்தகப்பன் நான். ஞானஸ்நானத்தப்போ ஐயர் கையில கொழந்தைய குடுத்ததே இந்தக் கைதான். தேவசகாயமும் நானும் ஒரே மெசின்ல ஷிப்ட் மாத்தினவங்க." மறுபடி ஒரு கீரைக்காம்பை எடுத்து உருவினார். "ஆனா அந்த ஐயர் படிக்கிறது ஓலையே இல்ல. நான் ஒத்துக்கினா, அவர ஐயர்னு ஒத்துக்கின மாதிரி. என் பின்னாடி அம்பது குடும்பம் கீது."

"அப்படியானால் நாளைக்கு?"

"நாளைக்கி நாளைக்கித்தாம்மா தெரியும்."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. திரும்பும்போது குளக்கரையில் வழி தவறி இரண்டு சுற்று சுற்றினேன். விபத்து வார்டில் ரத்தத்தைப் பார்த்துக்கூட நிதானம் தவறாதவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டுக்கு முன்னால் ஜமக்காளமும் பாயும் விரித்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எதிர்ச்சாரியில், சைக்கிள் கடை வாசலில், பொன்னையாவின் ஆட்கள் கைகட்டி நின்றார்கள். பழைய ஐயர் வரவில்லை. நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள். ஜெயராஜ் ராத்திரி வந்த களைப்போடு, மாப்பிள்ளைக்கான சிரிப்பும் மாறாமல் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். இதெல்லாம் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

ஐயர் ஆராதனையைத் தொடங்கினார். இந்தப் பக்கம் ஒரு ஞானப்பாட்டு எழும்பியதும் அந்தப் பக்கம் வேறொரு ஞானப்பாட்டு எழும்பியது. இரண்டுமே கர்த்தரைத் துதிப்பவைதான், ஆனால் தொண்டை கிழிய ஒன்றை ஒன்று அமுக்கப் பார்த்தன. தண்ணீர் லாரி ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது. "இன்னா நைனா, சாமி கும்புடறீங்களா சண்ட போடறீங்களா?" என்று அதன் கிளீனர் கத்தினார்.

பாட்டு ஓய்ந்ததும் ஐயர் ஓலையை எடுத்தார். கிள்ளான் சபையைச் சேர்ந்த ஜெயராஜுக்கும், திருமுல்லைவாயில் சபையைச் சேர்ந்த கிரேஸுக்கும், மூன்றாம் முறை. பிறகு அந்தக் கேள்வி. யாராவது தடை சொல்வதென்றால் இப்போதே சொல்லுங்கள்.

எல்லார் கண்ணும் பொன்னையா மேல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அவர் வாய் அசைந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் என் பக்கத்திலிருந்து கிரேஸ் எழுந்துவிட்டாள்.

"எனக்குத் தடை இருக்குதுங்க ஐயா" என்றாள்.

கல்யாணப் பெண்ணே தன் ஓலைக்குத் தடை சொல்லி யாரும் கேள்விப்பட்டதில்லை. ஐயர் கையிலிருந்த தாள் அப்படியே நின்றது.

"சொல்லும்மா."

"என்னப் பெத்தவரு கீழ்ப் பூட்டப் போட்டாரு. எனக்கு ஞானத்தகப்பனா நின்னவரு மேல் பூட்டப் போட்டாரு. ரெண்டு பேரும் சேந்து என் பேரை ரோட்டுல படிக்க வுட்டாங்க. பூட்டுன வாசல்ல எனக்கு ஓலை வாணாம். ரெண்டு பூட்டும் தொறக்காத எனக்குக் கல்யாணமும் வாணாம்."

"கிரேசு, குந்து" என்றார் மாமா. அவள் உட்காரவில்லை. மாமி அவள் சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஐயர் தாளை மடித்தார். தடை வந்தால் விசாரிக்காமல் மேலே போக முடியாது என்று அவர் என்னிடம் சொன்னது காதில் ஒலித்தது. விசாரணை, லெந்து, ஈஸ்டர், அடுத்த வருஷம். ஆண்கள் பக்கத்திலிருந்து தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, என்னையா வேண்டாம் என்கிறாள்?" என்றான். வாயை மூடு என்று சைகை காட்டினேன். எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

மாமா எழுந்து நின்றார். ஆனால் கேட்டுப் பக்கம் போகவில்லை. அவர் திறந்துவிட்டு, மற்றவர் திறக்காவிட்டால்? எதிரில் பொன்னையாவின் மனதிலும் அதுதான் ஓடியிருக்க வேண்டும். "அண்ணாத்தே, போவாத" என்று அவர் தோளை ஒருவர் பிடித்தார். போலீஸ்காரர்கள் லத்தியைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரு கல் பறந்தால் போதும் என்கிற மாதிரி இருந்தது.

பொன்னையா ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார்: "மச்சான், பொண்ணு அழுவுதாடா?"

எத்தனையோ மாதம் கழித்து இருவரும் பேசிய முதல் பேச்சு அது. மாமா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லடா" என்றார். "அழுவல. அதாண்டா பயமா கீது."

பொன்னையா தோளிலிருந்த கையைத் தள்ளிவிட்டு ரோட்டைக் கடந்தார். மாமா ஜமக்காளத்தின் மேல் செருப்போடு நடந்தார். கேட்டில் ஒருவர் நிமிர்ந்து சங்கிலியைத் தேட, ஒருவர் குனிந்து தாழ்ப்பாளைத் தேட, தலையும் தோளும் இடித்துக்கொண்டன. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு சாவியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பின.

கிரேஸ் போய்க் கையை நீட்டினாள். "பூட்ட என்னாண்ட குடுங்க. சாவியோட."

கொடுத்தார்கள். அவற்றை முந்தானையில் போட்டுக்கொண்டு ஐயரிடம் வந்தாள். "இப்ப தடை இல்லீங்க ஐயா."

ஐயர் எல்லாரையும் உள்ளே வரச்சொல்லி, ஓலையை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. நான் தேம்பி அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. பிரியாணி விருந்தில் இரண்டு கோஷ்டியும் தனித்தனிப் பந்தியாகத்தான் உட்கார்ந்தார்கள்.

லீவு முடிந்து ஜெயராஜ் போய்விட்டான். கிரேஸின் விசாவுக்காக நான் தங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கேஸ் முடியவில்லை. கடையில் வேறு பூட்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் நான் இருந்தவரை கேட் திறந்தே கிடந்தது. யாரும் யாரோடும் பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கிரேஸின் பெட்டியைத் திறந்தார். ஊறுகாய் ஜாடிக்கும் கல்யாணச் சேலைக்கும் நடுவில் இரண்டு பெரிய பூட்டுகள். ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"இன்னாம்மா இது? மலேசியால பூட்டு கெடைக்காதா?"

"கெடைக்கும் சார்" என்றாள். "இங்க இருந்தா எங்கப்பா எடுத்துக் கோயில் கேட்டப் பூட்டிடுவாரு சார். அங்க தனியா நிப்பாரு. தொறன்னு சொல்ல நான் இருக்கமாட்டேன்."

அவர் சிரித்தார். கிரேஸ் சிரிக்கவில்லை. அத்தனை நாளும் அழாதவள், அந்த மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அப்பா அப்பா என்று உடைந்து அழ ஆரம்பித்தாள். அதிகாரி பூட்டை அவசரமாகச் சேலைக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினார். நான் அவளை அணைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, யாரும் எங்களை நகரச் சொல்லவில்லை.